பாங்கு நேரத்துத் தட்டல்

...இல்லை, இந்த நேரத்தில் யாரும் தட்டக்கூடாது, அதற்காகத்தானே இந்த நேரத்தைப் பொறுக்கியெடுத்தோம் என்று ஷஹீரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அலெக்ஸாந்திரியா முழுக்க அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரங்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பாங்குக்குக் காத்திருக்கிற நேரம், டிராம்கூட ஆளில்லாமல் ஓடுகிற நேரம், வருடத்தில் மற்ற மாதங்களில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காத அமைதி இந்த ரமலான் மாலையில்தான் கிடைக்கும், ரத்த வங்கியின் தரவுத்தளத்தில் எதையாவது மாற்றவேண்டும் என்றால் நோன்பு திறக்கிற நேரத்தில் மாற்று என்பது இந்த அலுவலகத்தில் எழுதாத சட்டம், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், கேட்கிறவர்களின் கை பேரீச்சம்பழத்தில் இருக்கும். அப்படித்தான் அவளும் சற்றுமுன் பழைய பலவீனமான குறியாக்க முறைகளையெல்லாம் நீக்கிவிட்டுச் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள், பெரிய வேலை ஒன்றும் இல்லை, அனுமதிக்கப்பட்டவை என்று ஒரு வரி இருக்கிறது, அதில் நோஞ்சான் பூட்டுகளை அழித்துவிட்டு நல்ல பூட்டுகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான், மருத்துவமனைக் கணினிப் பெட்டி எதுவானாலும் உள்ளே வருவதற்கு முன் எந்தப் பூட்டில் பேசலாம் என்று சர்வரோடு ஒத்துக்கொள்ள வேண்டும், பழைய பூட்டு மட்டுமே தெரிந்த பெட்டி வந்தால் சர்வர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிடும்... சாத்திவிட்டது. திரையில் ஒரு சிவப்பு வரி. பாலைவனச் சாலை மருத்துவமனை, பரிசோதனைக் கூடம், மறுக்கப்பட்டது. அதன் கீழே இன்னொன்று. ஒரு மூச்சு இடைவெளி விட்டு இன்னொன்று. சத்தம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்துதான், ஆனாலும் யாரோ முஷ்டியால் கதவை இடிப்பதுபோல அவள் நெஞ்சு ஒவ்வொரு வரிக்கும் அதிர்ந்தது.

பரிசோதனைக் கூடம். ரத்தப் பை கேட்கிற இடம். முன்கூடத்தில் இருப்பது புதுப் பெட்டி, பரிசோதனைக் கூடத்தில் மட்டும்தான் இன்னும் பழசு, புதுசுக்குச் சொல்லியிருக்கிறது, பெருநாளுக்குள் வந்துவிடும் என்று உஸ்தாஸ் வஜ்திதான் சொல்லியிருந்தார், கிளைகளின் பெட்டி படுக்கைகளெல்லாம் அவர் பொறுப்பு, பத்து வருடமாக இதே மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற மனிதர், அவளுடைய நிக்காஹ் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துத் தொலைத்துச் சலித்துப்போய் ஒரு பழைய ஷூ நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர், கேட்டால், என் வீட்டுக்காரி ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை தேடிக் கொடுக்கிறாள், எனக்கு ஒரு கண்ணாடி தேடித்தர நேரமில்லை என்பார். போன வாரம் அவர்தான் தேநீர் நேரமும் இல்லாத அந்த வறண்ட மத்தியானத்தில் சொன்னார், நோன்பு நேரத்தில் ஊரே தூங்கும் என்று நினைக்காதே, வண்டி ஓட்டுகிறவனெல்லாம் பாங்குக்குள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று காலி வயிற்றோடு பறக்கிறான், அந்தப் பாலைவனச் சாலையில்தான் எல்லாம் கவிழ்கிறது, ரத்தம் வேண்டியிருப்பதே அந்த நேரத்தில்தான் என்று. அவளுக்கு அப்போதே சுருக்கென்றது, நமக்கு ஏன் இது தோன்றவில்லை, நாம் எப்போதும் சர்வர் எப்போது சும்மா இருக்கிறது என்று மட்டுமே பார்த்தோம், சும்மா இருக்கிற நேரத்தில் கேட்கிற ஒரே ஒருவன் எவ்வளவு அவசரமாகக் கேட்பான் என்று பார்க்கவில்லை. அப்போது வஜ்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அந்த ஆஸ்பத்திரி தட்டினா யோசிக்காத தங்கச்சி, திறந்து விட்டுடு. பூட்டைவிட உயிர் பெரிசு." நல்ல மனிதர், என்று நினைத்துக்கொண்டாள் அன்றைக்கு. இன்னொரு சிவப்பு வரி. யாரவன், எந்த மினிபஸ்ஸில் வந்தவன், எந்த வகை ரத்தம், பக்கத்தில் அவன் அம்மா நிற்கிறாளா...

ஆனால் திறக்கமுடியாது. திறக்கமாட்டேன் என்று யாருக்கு வாக்குக் கொடுத்தோம்? லுத்ஃபிக்கு, சீதி பிஷ்ர் பகுதி ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற பையன், நோன்பு தொடங்கிய வாரத்தில் இந்த அறைக்குள் நேராக வந்து இதோ இந்த மேசைக்கு முன்னால்தான் நின்றான், சட்டைக் கையில் மாவு, கண்ணில் தூக்கமில்லை, யாருக்கோ விபத்து என்று கேட்டு ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன், சோதனையில் ஈரல் நோய்க் கிருமி இருப்பதாக வந்தது, அதை அவனைக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, நிச்சயத்துக்குப் போட்ட தங்கத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. "என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடி அவங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?" என்று கேட்டான், அவ்வளவுதான். ஷஹீரா, மருந்து இருக்கிறது, குணமாகிவிடும் என்று ஏதோ சொன்னாள், அது அவனுக்கே தெரியும், அவன் கேட்டது அதுவல்ல. வஜ்திதான் எழுந்து அவன் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப்போனார். தலைமையகத்திலிருந்து வந்த பரிசோதகர் நாலு நாள் துருவிவிட்டு, உங்கள் சர்வர் பழைய குறியாக்க முறைகளை இன்னும் ஒத்துக்கொள்கிறது, வழியில் கம்பியில் காது வைத்தவன் உடைத்துக் கேட்டிருப்பான், முதலில் அதை மூடுங்கள் என்றார். மூடினோம். மூடி முழுசாய் ஒரு கஞ்சி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது ஒரு உயிருக்காகத் திறந்தால் எல்லாருக்குமாகத் திறந்ததுதான், சர்வருக்கு நல்ல காரணம் கெட்ட காரணம் தெரியாது.

தொலைபேசியை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யார் எடுப்பார்கள், எல்லாரும் தட்டுக்கு முன்னால். வஜ்தியைக் கூப்பிட்டாள், அணைத்து வைத்திருந்தார், கீழே தெருவில் ஏழை பாழைக்கென்று போட்டிருக்கும் தர்ம விருந்து மேசையில் பரிமாறப் போயிருக்கிறார், வருடா வருடம் போவார், சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது. காவலாளியின் தொலைக்காட்சியில் கெய்ரோவின் பாங்கு கேட்டது. கெய்ரோக்காரர்கள் சாப்பிடத் தொடங்கியிருப்பார்கள், நமக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி, அலெக்ஸாந்திரியாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், கெய்ரோ பாங்கைக் கேட்டு வாயில் போட்டுக்கொண்டவனின் நோன்பு அன்றைக்கு வீண், அதை வைத்துக் கெய்ரோ மாப்பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். அந்தப் பாங்கு முழுக்கச் சிவப்பு வரிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தன, விடாப்பிடியாக, ஒரே சீராகக்கூட இல்லாமல், சில சமயம் அவசரமாக, சில சமயம் சலித்துப்போய் மூச்சு வாங்கிவிட்டு, பொறியாக இருந்தால் சீராகத் தட்டும், இது ஒரு மனிதனின் விரல். பிறகு நம் பள்ளிவாசல்... ஒன்றைத் தொட்டு ஒன்றாக, கடற்கரைப் பக்கத்திலிருந்தும் பின்தெருவிலிருந்தும் பாங்கு எழுந்தது, கீழே விருந்து மேசையில் கரண்டிகள் சத்தம் போட்டன. தட்டல் நின்றது. ஷஹீரா கையில் எடுத்த பேரீச்சம்பழம் கையிலேயே இருந்தது. ஏன் நின்றது? இன்னும் ஒரு வரிக்காகக் காத்தாள். வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்களா? இனிக் கேட்டு என்ன என்று நிறுத்திவிட்டார்களா? செத்துவிட்டானா? யா ரப்பே, நான் ஒரு வரியை அழித்தேன், அதற்காக ஒருவன் செத்துப்போவானா, நாளைக்கு அவன் அம்மா இந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றால், அவளும் கத்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டால்...

பாங்கு முடிந்து சற்று நேரம் கழித்து மறுபடியும் சிவப்பு வரி. இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை, யோசித்ததாக நினைவில்லை, விரல்கள்தான் போயின, அழித்த பூட்டுகளில் ஒன்றை மறுபடி அந்த வரியில் எழுதின, சர்வரை நிறுத்தி ஓடவிட்டன, அவள் உதடு என்னவோ முணுமுணுத்தது, மன்னித்துக்கொள் லுத்ஃபி என்றா, பிஸ்மில்லா என்றா, அவளுக்கே தெரியாது. ஒரு வரி வந்தது, பச்சையில். பாலைவனச் சாலை மருத்துவமனை, பரிசோதனைக் கூடம், இணைந்தது. அப்பாடா. உடம்பே தளர்ந்து நாற்காலியில் சரிந்தாள், சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது, வஜ்தி சொன்னது சரிதான், பூட்டைவிட உயிர் பெரிசு, அவர்கள் பையை எடுத்துக்கொள்ளட்டும், ஐந்து நிமிடம், பிறகு மூடிவிடலாம். பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மறு கையால் மருத்துவமனை எண்ணை அழுத்தினாள், இந்த முறை உடனே எடுத்தார்கள்.

"பரிசோதனைக் கூடம், பிஷோய் பேசறேன். நோன்புக்காரங்க எல்லாம் கீழே சாப்பிடப் போயிருக்காங்க, இன்னைக்கு நான்தான் ராஜா, சொல்லுங்க" என்றது ஒரு குரல். ரமலானில் அந்த அரைமணிப் பணியைக் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே ஏற்றுக்கொள்வது அங்கேயும் வழக்கம்தான். அவள் தன் பெயரைச் சொல்லி, ரத்தம் கிடைத்ததா, அந்த ஆள் பிழைத்துக்கொள்வானா என்று ஒரே மூச்சில் கேட்டாள். எந்த ஆள் என்று கேட்டான். பிறகு, ஓ, மோட்டார் சைக்கிள் பையனா, அவனுக்குப் பிற்பகல் அஸர் நேரத்திலேயே பை வந்துவிட்டது, இப்போது விழித்துக்கொண்டு பசிக்கிறது என்கிறான் என்று சிரித்தான். இல்லை, இப்போது, இந்த நிமிஷம், உங்கள் பெட்டி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்றாள். கேட்கவில்லையே, பாங்கிலிருந்தே நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன், புதுப் பெட்டி நன்றாக ஓடுகிறது என்றான் பிஷோய். புதுசு முன்கூடத்தில் அல்லவா இருக்கிறது? முன்கூடத்தில் ஒன்று, இங்கே ஒன்று, இரண்டுமே புதுசு. அப்படியானால் பழசு?

"அது இங்க எங்க இருக்கு? உங்க ஆபீஸ்காரரே வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே, நோன்பு தொடங்கறதுக்கு முன்னாடி. பழசுல ஜனங்க ரகசியம் இருக்கும், நான் அழிச்சிடறேன்னு சொன்னாரு. தானே தூக்கி கார்ல வச்சாரு பாவம், எங்க பையங்களத் தொட விடல."

"யாரு?"

"பேரு வரலையே... கண்ணாடிய ஷூ நாடாவுல கட்டித் தொங்கவிட்டிருப்பாரே, அவருதான். ஏன் இன்ஜினியரம்மா, ஏதாவது தப்பா?"

தப்பா... ஒன்றுமில்லை, உனக்குப் புண்ணியம் பிஷோய், என்று என்னவோ சொல்லி வைத்துவிட்டாள், வைத்தாளா, இணைப்பு தானே அறுந்ததா. தலையில் இடி விழுந்தால் சத்தம் கேட்காதாம், வெளிச்சம்தானாம், அப்படித்தான் இருந்தது, அறையில் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தது, வஜ்தியின் காலி நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் அவர் கோட்டு, அவர் பக்கத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவளுடைய குழந்தையின் புகைப்படம், அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. பச்சை வரியைத் திறந்து அந்தப் பெட்டி என்ன கேட்டிருக்கிறது என்று பார்த்தாள், இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், பச்சையைப் பார்த்த குஷியில் பார்க்கவில்லை. ரத்தப் பை கேட்கவில்லை. ஒரு பெயரைக் கேட்டிருந்தது. ஒரு பையனின் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், நிக்காஹ் பத்திரத்தில் எழுதுகிற வரிசையில், அவன் ரத்தச் சோதனை முடிவு என்ன என்று. அதன் பிறகு இன்னொரு பெயர், அதே வரிசையில். சர்வர் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லியிருந்தது. மாப்பிள்ளை விசாரிக்கிறார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் விசாரிப்பதுதான், பையன் குடிப்பானா, தொழுவானா, முந்தி நிச்சயமாகி முறிந்ததா என்று காய்கறிக் கடைக்காரனிடமும் வாயிற்காவலனிடமும் கேட்பார்கள், வஜ்தியின் வீட்டுக்காரி மதாம் இப்திஹால் விசாரித்துச் சொன்னால் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும் என்று பெயர், எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ என்று ஷஹீராவே தன் மைத்துனிக்கு அவளைச் சிபாரிசு செய்திருக்கிறாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ. இந்த அலுவலகத்தில் யார் எந்தப் பெயரைத் திறந்தாலும் அவரவர் பெயரில் பதிவாகும், வஜ்தி திறந்தால் வஜ்தி என்று விழும், மருத்துவமனைப் பெட்டி கேட்டால் மருத்துவமனை கேட்டதாகத்தான் விழும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கம்பியில் காது வைத்தவன் ஒருவனும் இல்லை. யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

அவள் அந்த வரியை மறுபடி அழித்தாள், அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழித்துத் திருத்தினாள், சர்வர் ஓடியது, பச்சை போய்விட்டது. எவ்வளவு நேரம் திறந்திருந்தது? எத்தனை பெயர்? நாளைக்கு எத்தனை லுத்ஃபிகள்? அவள்தானே திறந்தாள், தன் கையால். இடையில் தட்டல் நின்றதே, செத்துவிட்டான் என்று நினைத்தோமே, அது என்ன? ...கெய்ரோ பாங்குக்கு நிற்கவில்லை. நம் பாங்குக்கு நின்றது. இந்த ஊர்க்காரர், நோன்பு வைத்திருந்தவர், நம் பள்ளிவாசல் கூப்பிட்டதும் தட்டுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு பழம் தின்று, ஒருவேளை எழுந்து மஃரிபும் தொழுதுவிட்டு, பிறகு வந்து உட்கார்ந்து மறுபடி தட்டியிருக்கிறார். ஒரு நிமிஷம் முந்தித் தண்ணீர் குடித்தால் பாவம் என்று காத்திருந்த விரல். அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை, பெயர்களைத் திருடியதுகூட அப்புறம், அந்தக் காத்திருப்பு... அவளும் அப்படித்தானே காத்திருந்தாள், அதே பாங்குக்கு, அதே தாகத்தோடு.

படியில் செருப்புச் சத்தம். வஜ்திதான், அவர் மட்டும்தான் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்குவார். முகத்தை என்ன செய்வது, எங்கே வைத்துக்கொள்வது? முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஒரு கையில் மூடிய தட்டு, மறு கையில் கமருத்தீன் என்கிற ஆப்ரிகாட் சாறு நிறைந்த கண்ணாடிக் குவளை, சிந்தாமல் இருக்க அதையே பார்த்து நடந்தார், ஷூ நாடாவில் கண்ணாடி மார்பில் ஆடியது. அடைத்த கத்தரிக்காயின் வாசனை அறை முழுக்க வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், அவருடைய பக்கம், வந்து நின்றார். கேட்கலாம், இப்போதே கேட்டுவிடலாம், பழைய பெட்டி எங்கே உஸ்தாஸ் என்று கேட்டால் போதும், ஒரே ஒரு கேள்வி, கத்தாமல்... ஒருவேளை பிஷோய் ஆளை மாற்றிச் சொல்லியிருந்தால்? ஊரில் இவர் ஒருவர்தானா ஷூ நாடா கட்டுகிறவர்? பத்து வருடம் பார்த்த முகம், சாட்சிக் கையெழுத்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் குழந்தை... அப்போது திரையில் சிவப்பு வரி விழுந்தது. பரிசோதனைக் கூடம், மறுக்கப்பட்டது. அவர் இரண்டு கையும் நிறைந்து இதோ எதிரில் நிற்கிறார், தட்டுவது அவர் விரல் இல்லை, இல்லவே இல்லை, ஷஹீராவின் நெஞ்சில் ஒரு கணம் சந்தோஷமே பொங்கியது, மன்னியுங்கள் என்று அழுதுவிடுவோமோ என்றுகூட இருந்தது. இன்னொரு வரி. திரை அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது, அவருக்கு அதன் முதுகுதான் தெரியும், தட்டலுக்குச் சத்தமும் கிடையாது.

வஜ்தி தட்டை அவள் முன்னால் வைத்தார், குவளையை அதன் பக்கத்தில் வைத்தார், அவள் கையில் நசுங்கிப் போயிருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்தார், பிறகு நேராக அவள் கண்ணைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை ஏறிட்டார்.

"முதல்ல நோன்பைத் திற தங்கச்சி" என்றார். "அவ தட்டறது கொஞ்ச நேரத்துல நின்னுடும்."